எங்கள் மாடிப்படியில் விளக்கு எரிகிறது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். குடியிருப்போர் சங்கச் செயலாளராக இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் மூன்றாவது மாடியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒருத்தியாக எழுதினால்தான் சொல்ல நினைப்பது சரியாக வரும் என்று பட்டது.

முதல் நன்றி எங்கள் ரோந்து ஏட்டு ஐயாவுக்கு. நீங்கள் கூப்பிட்ட முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர். அதில் பாதிப் பேர் உங்களைத் திட்டுவதற்கென்றே வந்தவர்கள், நானும் சேர்த்து. போலீஸ் வருவதே தாமதம், வந்தாலும் எங்களையே சந்தேகமாகப் பார்க்கிறது, புகார் கொடுத்தால் கொடுத்தது யார் என்று மறுநாளே வெளியே தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கொட்டினோம். நீங்கள் எதற்கும் பதில் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில், "இதில் எதை முதலில் சரி பண்ணலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றீர்கள். எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. திருட்டு என்றுதான் எல்லோரும் சொல்லப்போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் முதல் மாடிப் பாட்டி, "படிக்கட்டு இருட்டு. ஆறு மணிக்கு மேல் நான் கீழே இறங்குவதே இல்லை" என்றார்.

அந்தப் பாட்டி வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு முறை திருடு போனது. முதல் முறை போன டிவிக்குப் பதிலாக மகன் வாங்கி வைத்த புது டிவிதான் இரண்டாம் முறை போனது. இதை வெறும் கெட்ட நேரம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சமூகப்பணி படிக்கும் எங்கள் எதிர் பிளாக் தங்கைதான் விளக்கினாள். ஒரு தடவை திருடு போன வீட்டுக்கு அடுத்த சில வாரங்களில் ஆபத்து அதிகமாம். வழி தெரிந்துவிடுகிறது, பூட்டு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடுகிறது, புதுப் பொருள் வரும் என்பதும் தெரியும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தின் கிர்க்ஹோல்ட் என்ற ஏழைக் குடியிருப்பில் 1980களில் இதைக் கவனித்து வேலை செய்திருக்கிறார்கள். 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள். திருடு போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறேழு வீட்டுக்காரர்களிடம் மட்டும் அதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காசு போட்டு ஓட்டும் கேஸ், கரண்ட் மீட்டர்களை உடைத்துப் பணம் எடுப்பது அங்கே வழக்கம் என்பதால் அந்த மீட்டர்களையே மாற்றினார்கள். முதல் வருடத்திலேயே திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது.

அதையேதான் நாமும் செய்தோம். பாட்டி வீட்டுக் கதவைப் பார்த்த தச்சு அண்ணன், தாழ்ப்பாளைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். என் சுண்டு விரல் நகம் நீளம்கூட இல்லை. ஒரு உதை போதும் என்றார். நிலையில் இரும்புப் பட்டை வைத்து, நீளமான திருகாணி போட்டுக் கொடுத்துவிட்டு, கூலி வேண்டாம் என்று போய்விட்டார். அண்ணா, அதற்கப்புறம் நம் பிளாக்கில் எத்தனை கதவுகள் உங்கள் கை பட்டவை என்று உங்களுக்கே கணக்கு இருக்காது. சுற்றியிருக்கும் ஆறு வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டவரே, உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள், சொல்லவில்லை.

படிக்கட்டு விளக்குக்குத்தான் அதிகம் அலைந்தோம். எத்தனை மனு கொடுத்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியில் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, பல்பை உடைக்க முடியாதபடி கம்பிவலை போட்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அப்புறம் ஒரு அம்மா. படிக்கட்டில் கூடும் பையன்களைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று கூட்டத்தில் பலரும் கத்தியபோது, எழுந்து நின்று, "அதில் என் பையனும் ஒருத்தன்" என்று சொன்னீர்கள். அந்த இடமே அமைதியானது. அந்தப் பிள்ளைகளுக்கு உட்கார வேறு இடம் இல்லை என்பதை அன்றைக்குத்தான் யோசித்தோம். பூட்டிக் கிடந்த பொது அறை திறந்தது அதனால்தான். அதன் சாவி இப்போது உங்கள் மகனிடம் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கும் நன்றி. முதல் சில மாதங்களில் புகார்கள் கூடின. குற்றம் கூடிவிட்டது என்று பேச்சு வந்தபோது, "முன்பு சொல்லாமல் இருந்தவர்கள் இப்போது சொல்கிறார்கள்" என்று எங்களுக்காக நின்றீர்கள். அன்றைக்கு நீங்கள் பின்வாங்கியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். குற்றம் முழுக்க ஒழிந்துவிடவில்லை. போன மாதம்கூட ஒரு பைக் போனது. ஆனால் அன்று இரவே புகார் எழுதினோம், மூன்று பேர் சாட்சி சொல்ல வந்தார்கள்.

ஏட்டு ஐயா, உங்களுக்கு இடமாற்றம் என்று கேள்விப்பட்டோம். பாட்டி உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார்கள். நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கீழே இறங்கி, பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, தனியாகவே மேலே ஏறி வந்தார்களாம்.

மிக்க நன்றியுடன்,
மூன்றாவது மாடியிலிருந்து உங்கள் சகோதரி