மூட்டைக்குக் காவல்

என் அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மருமகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நேற்று போனில் உன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. டிசம்பரிலிருந்து உங்கள் சபை வாலிபர்கள் பெங்களூரு மெஜஸ்டிக் பக்கம் தெருவில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடும் கம்பளியும் கொடுக்கப் போகிறீர்கள், நீதான் பொறுப்பு என்றாய். "முதல் வாரம் எத்தனை பார்சல் போடலாம்மா, இருநூறா முந்நூறா?" என்று கேட்டாய். அதற்குள் அப்பா மாத்திரை எங்கே என்று கூப்பிட்டுவிட்டார். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பார்சல் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் பத்துப் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே தெரு, ஒரே கிழமை, ஒரே நேரம். மழையோ பரீட்சையோ, போவதாகச் சொன்ன நாளில் போய் நிற்க வேண்டும்.

நாங்கள் அப்படித் தொடங்கவில்லை. நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம்தான் நம் சபையில் வியாழக்கிழமை ஊழியம் ஆரம்பமானது, உனக்கு நினைவிருக்கும். எழும்பூர் ஸ்டேஷன், சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு என்று வேனில் ஒரு சுற்று. நூற்றைம்பது பிரியாணிப் பொட்டலம், ஒவ்வொன்றோடும் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி. ஒரு மணி நேரத்தில் கொடுத்து முடித்து, போட்டோ எடுத்து, ஜெபம் பண்ணி, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். ஒரு நாள் ஒரு பெரியவர் ஒரு கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கினார், இன்னொரு கையால் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நம் பையன் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பெரியவருக்கு ஊரில் கட்டிக்கொடுத்த பெண் இருக்கலாம், சம்பந்தி வீடு இருக்கலாம். சோற்றுக்குக் கை நீட்டுகிற தன் முகம் யார் யாருடைய போனுக்கோ போவதை யார் தாங்குவார்கள்? அன்றோடு போட்டோவை நிறுத்தினோம். நீ முதல் நாளே இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடு. காணிக்கை கொடுத்தவர்கள் படம் கேட்டால் சமையல் பாத்திரத்தை எடுத்து அனுப்புங்கள்.

அதே வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி நாங்கள் போவதற்குள் மூன்று குழுக்கள் வந்து போயிருந்தன. எங்கள் பொட்டலத்தையும் வாங்கி வைத்தார்கள், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். மறுநாள் காலை ஆராதனைக்கு அந்த வழியாகப் போனபோது, புளித்துப்போன பிரியாணியை நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. ஜனவரி இரண்டாம் வாரம் அதே பிளாட்பாரத்துக்கு எங்களைத் தவிர யாரும் வரவில்லை.

சாப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை கண்ணு. ஆனால் 2013-இல் அம்மா உணவகம் வந்தபோது ஒரு ரூபாய்க்கு இட்லி, மூன்று ரூபாய்க்குத் தயிர்சாதம் என்று வைத்தார்கள். கை கால் ஓடுகிறவர் எப்படியாவது அதுவரை நடந்துவிடுவார். நடக்க முடியாதவர்கள், தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவர்கள், வடக்கே எங்கோ ரயிலேறி பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கிய பெண்கள், இவர்கள்தான் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். வேனிலிருந்து கொடுத்துக்கொண்டே போனால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். ஓடி வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

எழும்பூரில் மூடிக்கிடக்கும் ஒரு கடையின் படியில் ஒருவர் இருக்கிறார். கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கியவர். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது, அவர் போகவில்லை. போன ஆடி மாதம் பக்கத்தில் போனபோதே வாடை வந்தது. வலது கால் துணியைப் பிரித்தேன். சர்க்கரைப் புண், குதிகாலில் குழி விழுந்து உள்ளே புழு நெளிந்தது. டர்பென்டைனில் காஸ் துணியை நனைத்து வைத்தால் புழுக்கள் மூச்சுத் திணறி மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன், இருபத்தெட்டு. அவர் ஒரு சத்தம் போடவில்லை. பயந்து தள்ளி நின்ற நம் வாலிபர் சங்கத்துப் பையன் கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து டார்ச்சைப் பிடித்தான்.

இது தெருவில் வைத்துப் பார்க்கிற புண் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். ஓ.பி. சீட்டு அவரிடமே இருந்தது, பாலிதீன் உறையில் மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார். டிரஸ்ஸிங்குக்கு வரச் சொன்ன தேதி போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏன் போகவில்லை என்று மூன்று வியாழன் கேட்டேன். மூன்றாவது தடவைதான் சொன்னார்: "நான் போயிட்டா இந்த மூட்டைய யாரும்மா பாத்துப்பாங்க?" முன்பு ஒரு தடவை கக்கூஸ் போய் வருவதற்குள் மூட்டை போய்விட்டதாம். அதோடு ஆதார் அட்டையும் முதியோர் பென்ஷன் காகிதமும் போய்விட்டன. இப்போது அந்த மூட்டையில் இருப்பது இரண்டு லுங்கி, ஒரு அலுமினிய டம்ளர், அரிசி மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி, அவ்வளவுதான்.

சரி, நான் உட்காருகிறேன் என்றேன். மறு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நம் பையன்கள் இரண்டு பேர் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். நான் படியில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியம் ஒரு மணிவரை. உலகம் முழுக்க முழங்காலுக்குக் கீழேதான் தெரிகிறது கண்ணு. செருப்பும் ஷூவும் போய்க்கொண்டே இருக்கின்றன, முகத்தைப் பார்க்க யாரும் குனிவதில்லை. பத்து மணி வாக்கில் பாத்ரூம் போக வேண்டும் போலிருந்தது. கட்டணக் கழிப்பிடம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் மூட்டையை யாரிடம் விடுவது? அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா கடந்து போகும்போது ஐந்து ரூபாய் நாணயத்தை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். முப்பத்து நான்கு வருஷம் சம்பளம் வாங்கிய உடம்பு இது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நாணயத்தை அவருடைய டம்ளரில் போட்டு வைத்தேன்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று. வேறொருவரைச் சேர்க்கப் போனபோது, முதலில் போன இடத்தில் நோயாளியோடு யார் இருப்பார்கள் என்று கேட்டு, யாரும் இல்லையென்றால் சேர்க்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் நம் பையன்களில் ஒருவன் அட்டெண்டர் என்று கையெழுத்துப் போட்டு வராந்தாவிலேயே படுத்தான், சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் குழுவில் அப்படிப் படுக்கத் தயாராக நாலு பேர் இருந்தால் போதும், அது முந்நூறு பார்சலுக்கு மேல்.

மனநிலை சரியில்லாதவரைக் கண்டால் நீங்களாகவே கையைப் பிடித்து வண்டியில் ஏற்றாதீர்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நூறாவது பிரிவு இருக்கிறது, அதைப் படித்துக்கொள். அப்படித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதி காவல் நிலையத்தின் கடமை. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். சத்தம் போடாமல் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் நகர்வார்கள். உங்கள் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. தொட்டகுப்பியில் ஆட்டோ ராஜா என்று எல்லோரும் சொல்கிறவரின் இல்லத்தையும் ஒரு தடவை போய்ப் பார். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி வரத் தொடங்கினார். இங்கே சென்னையில் மனநிலை சரியில்லாமல் தெருவில் திரியும் பெண்களைப் பார்த்துக்கொள்ளும் 'பேன்யன்' அமைப்புகூட 1993-இல் இரண்டு இளம்பெண்கள் தெருவில் கண்ட ஒரு பெண்ணுக்கு இடம் தேடி அலைந்ததில் பிறந்ததுதான்.

காப்பகம் இருக்கிறதே, ஏன் போகாமல் தெருவில் கிடக்கிறார்கள் என்று உங்கள் சபையில் யாராவது கேட்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் பல காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் பெண்டாட்டி பிள்ளை என்று மூன்று தலைமுறையாக ஒரே பிளாட்பாரத்தில் இருக்கிற குடும்பம் பிரிந்து போகுமா? விடிகாலை லோடு இறக்கும் வேலையும் அந்தத் தெருவில்தான்.

ஜெபத்தைப் பற்றியும் கேட்டாய். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள், சாப்பாட்டில் ஒரு கரண்டி குறையக் கூடாது. பொட்டலத்துக்குள் கைப்பிரதி வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆயரிடமும் சொல்லிவிட்டேன். பசித்தவனுக்கு அது விலைச்சீட்டு மாதிரி தெரியும். இயேசு சொன்ன கதையில் அந்தச் சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, திரும்பி வரும்போது மிச்சத்தைத் தருகிறேன் என்று சொல்லிப் போனான். திரும்பி வருவேன் என்ற அந்தச் சொல்லை வாலிபர்களுக்குச் சொல்லிக்கொடு.

சின்னச் சின்ன விஷயங்கள்: வயசானவர்களுக்குப் பல் இருக்காது, பரோட்டா வேண்டாம், குழைந்த சாதமாகக் கொடுங்கள். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள், தலைமாட்டில் வைத்தால் போதும். பெண்களிடம் பெண்கள் போகட்டும், பையில் நாப்கின் இருக்கட்டும். உங்கள் ஊர்க் குளிருக்குக் கம்பளி சரி, ஆனால் காலுக்குச் சாக்ஸும் வாங்கு. நிற்காதே, உட்கார். கன்னடத்தில் "நிம்ம ஹெசரேனு" என்று பெயர் கேட்டுப் பழகு.

வரும் செவ்வாய் அந்த எழும்பூர்ப் படிக்காரருக்கு மறுபடி டிரஸ்ஸிங். இந்த முறை நான் காவலுக்கு உட்காருகிறேன் என்று அப்பா சொல்கிறார். முட்டி வலியோடு எப்படி என்றேன், மடக்கு ஸ்டூல் கொண்டுபோகச் சொன்னேன். வேண்டாமாம், படியிலேயே உட்காருவாராம்.

முதல் ராத்திரி போய் வந்ததும், எவ்வளவு நேரமானாலும் போன் பண்ணு. ஒரு பெயராவது கேட்டு வந்து சொல், என் ஜெபக் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அம்மா