இப்ராக்ஸை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்து–ஸ்காட்லாந்து கால்பந்துப் பகைமை பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கோல்களும் கோப்பைகளும் வந்திருக்கின்றன. 1902 ஏப்ரல் 5 வரவில்லை. மனம் ஒப்பவில்லை.

அன்று கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானத்தில் இரு நாடுகளும் மோதின. மேற்குப் பக்கப் பார்வையாளர் மாடம் இரும்புச் சட்டங்கள்மேல் பலகை அடித்துக் கட்டியது. முந்தைய இரவு பெருமழை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே பலகைகள் முறிந்து, நின்றிருந்தவர்கள் நேரே கீழே, சுமார் 40 அடி ஆழத்தில் விழுந்தார்கள். 25 பேர் இறந்தனர். காயமடைந்தோர் 500க்கும் மேல். கூட்டம் மிரண்டுவிடக் கூடாதென்று ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தி முடித்தார்கள். அந்த முடிவு சரிதானா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 1–1 என முடிந்த அந்த ஆட்டம் அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. மே 3 அன்று பர்மிங்காமில் மீண்டும் ஆடி, வசூலை நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள்.

மரச் சாரங்களுக்குப் பதில் மண்மேடு எழுப்பிப் படிகள் அமைக்கும் வழக்கம் பரவியது இதன் பிறகே. கணக்கில் இல்லை என்பதற்காக இந்த ஆட்டத்தை ஒதுக்கலாகாது. அடுத்த பகுதியிலாவது இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், திருச்சி