கனூவில் முன்னால் உட்காரப் போகிற மகளுக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணு,

நீ சேர்ந்திருக்கிற ரிலே போட்டியைப் பற்றி அனுப்பிய குரல் பதிவை நானும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். பனியில் சறுக்குகிற ஆளும் ஆற்றில் படகு விடுகிற ஆளும் எப்படி ஒரே அணி ஆவார்கள் என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். மேலே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மவுண்ட் பேக்கர் பனிமலை. முதல் ஆள் பனியில் சமதளத்தில் சறுக்கிப் போகிறார். இரண்டாவது ஆள் மலைச்சரிவில் சறுக்கி இறங்குகிறார். மூன்றாவது ஆள் மலைச்சாலையில் இறக்கமாகவே ஓடுகிறார். அடுத்தவர் சைக்கிள். அப்புறம் நூக்சாக் ஆற்றில் இரண்டு பேர் கனூ என்கிற துடுப்புப் படகில். பிறகு மண்ணும் மேடும் பள்ளமுமான பாதையில் இன்னொரு சைக்கிள், கடைசியாகப் பெல்லிங்ஹாம் விரிகுடாவில் கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகு. ஏழு கட்டம், எட்டு ஆட்கள், ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பனிமலையிலிருந்து கடல்வரை போவதால்தான் 'ஸ்கீ டு ஸீ' என்று பெயர்.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா, "நம்ம புள்ள இதுல எங்க நிக்குது?" என்றார். ஆற்றை வரைந்த இடத்தில் விரல் வைத்தேன். அதற்கப்புறம் அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தோட்டத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எட்டுப் பேரில் நீதான் பலவீனமான ஆள், மற்றவர்கள் சேர்த்துக்கொண்டு வந்த நேரத்தை நீ ஆற்றில் விட்டுவிடுவாய் என்று பயப்படுகிறாய். கண்ணு, இருக்கிற கொஞ்ச நாளில் உன் தோளும் முதுகும் புதிதாக வலு ஏறிவிடப் போவதில்லை. இப்படிச் சொல்வது உனக்குக் கசக்கும், ஆனாலும் அதுதான் உண்மை. இன்னும் உன் கையில் இருப்பது வேறு ஒன்று: துடுப்பைத் தொடுவதற்கு முந்தைய நாலைந்து மணி நேரம். அதை நீ எப்படிக் கழிக்கிறாய் என்பதில்தான் உன் கட்டம் பாதி முடிந்துவிடுகிறது. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் ரிலே பழக்கியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் பார். 4×100 ரிலேயில் ஆண்களின் உலக சாதனை 36.84 வினாடி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா ஓடியது. நாலால் வகுத்தால் ஆளுக்கு 9.21. ஆனால் தனியாக ஓடும் நூறு மீட்டரில் உசைன் போல்ட்டின் சாதனையே 9.58தான். போல்ட்டைவிட வேகமான நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள்? யாரும் வரவில்லை. முதல் ஆளைத் தவிர மற்ற மூவரும் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. பேட்டன், அதாவது கைமாற்றுகிற கோல், கையில் விழும்போதே அவர்கள் வேகம் பிடித்திருக்கிறார்கள். காத்திருந்தவர் சரியான நொடியில் கிளம்பியதால் வந்த லாபம் அது. இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறோம். 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் ஒரே நாளில், தகுதிச் சுற்றிலேயே பேட்டனைத் தவறவிட்டு வெளியேறின. ஓட்டத்தில் அவர்களுக்கு என்ன குறை?

உங்கள் போட்டியில் ஓடிக்கொண்டே வாங்குகிற வழக்கம் கிடையாது, நேரத்தைப் பதிவு செய்கிற சிப்பைக் கைமாற்றுவதோடு சரி. ஆனாலும் வாங்குகிற ஆள் அந்த இடத்தில், அந்த நேரத்தில், உடம்பும் மனசும் தயாராக நிற்க வேண்டும் என்பது மாறாது. உங்கள் போட்டிக்கு முன்னோடியான பந்தயத்தின் கதையே இதைத்தான் சொல்கிறது. 1911-இல் பெல்லிங்ஹாமிலிருந்து கிளம்பி, பேக்கர் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்று பந்தயம் வைத்தார்கள். மலையடிவாரம்வரை காரிலும் போகலாம், ரயிலிலும் போகலாம். மலையிலிருந்து முதலில் இறங்கி வந்தவர் ஹார்வி ஹாகார்ட். ஆனால் அவரை ஏற்றிக்கொண்டு வந்த ரயில் வழியில் ஒரு காளைமீது மோதித் தடம் புரண்டது. காரில் வந்த ஜோ கால்பிரெய்த் ஜெயித்தார். 1913-இல் ஓடியவர் ஒருவர் பனிப்பிளவில் விழுந்துவிட்டார். உயிரோடு மீட்டார்கள், ஆனால் பந்தயம் அதோடு நின்றுபோனது. இப்போதைய ரிலே 1973-இல்தான் தொடங்கியது. அப்பா இத்தனையும் கேட்டுவிட்டு அந்தக் காளை என்ன ஆயிற்று என்று விசாரித்தார். காங்கேயம் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவருக்கு வேறு எது முதலில் தோன்றும்?

சரி, உன் கட்டம் தொடங்குகிற எவர்சன் ஆற்றங்கரைக்கு வா. மலையில் காலையில் தொடங்குகிற போட்டி உன்னிடம் வந்து சேர மதியம் ஆகிவிடும் என்கிறாய். அதுவரைக்கும் நீ என்ன செய்யப் போகிறாய்? மாவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது ரிலேயைக் கடைசியில்தான் வைப்பார்கள். காலையிலிருந்து மைதானத்தைச் சுற்றி வந்து, தோழிகளுக்காகக் கத்தி, ஐஸ் வாங்கித் தின்று, வெயிலில் நின்ற பிள்ளைகள் சாயங்காலம் கோட்டுக்கு வரும்போது வெறும் ஆளாக இருப்பார்கள். அதனால் வேப்பமரத்தடியில் படுக்க வைத்து, காலைத் தூக்கிச் சுவரில் சாத்தச் சொல்வேன். என்னைத் திட்டுவார்கள். நீயும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவள்தான், நினைவிருக்கும்.

அங்கே வெயிலுக்குப் பதில் குளிர். மே கடைசி என்றாலும் தூறல் இருக்கலாம் என்று நீயே சொன்னாய். உடம்பு நடுங்கத் தொடங்கினாலே தசை தன் சக்தியைச் சூட்டுக்காகச் செலவழிக்கிறது என்று அர்த்தம். அதனால் படகை இறக்கிவைக்கும் வேலையில் காலை நனைத்துக்கொள்ளாதே. கனத்த ஜாக்கெட்டையும் குல்லாவையும் முறை வருகிறவரை கழற்றாதே. ஆற்றுக்குப் போடும் காலுறை தனி, கரையில் போடும் காலுறை தனி. சாப்பாட்டைக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே முடித்துக்கொள். அரிசிம்பருப்புச் சாதம் உனக்கு ஒத்துக்கொள்ளும். நெய்யைக் குறைத்து, பூண்டை எடுத்துவிட்டுச் செய். போட்டியன்று புதிதாக எதையும் வயிற்றுக்குக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சமாக இனிப்பு. பார்சலில் எள்ளுருண்டை வைத்திருக்கிறேன். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் பிடித்தது, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சர்க்கரை. குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடி. கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும், முன்கூட்டியே போய்விடு.

மலைப்பக்கம் போன் வேலை செய்யும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதே. சைக்கிளில் வருகிறவரின் நம்பரைச் சாலையில் பார்க்க ஓர் ஆளை நிறுத்து. சிப்பை யார் வாங்க வேண்டும், எந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்து, கனூவில் உன் பின்சீட்டில் வரும் அக்காவோடு ஒருமுறை நடந்தே பழகிக்கொள். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அந்த அக்காவைப் பற்றி நீ அதிகம் சொல்லவில்லை. பின்னால் இருப்பவர் படகைத் திருப்புகிறார், பக்கம் மாற்றும்போது 'ஹட்' என்று குரல் கொடுக்கிறார், முன்னால் இருக்கும் நீ துடுப்பின் தாளத்தை வைக்கிறாய் என்றாய். அப்படியென்றால் உன் வேலை வேகம் இல்லை, ஒரே சீர். நம் ஊர் நோம்பியில் நீ வள்ளி கும்மிக்கு முன்வரிசையில் ஆடினாயே, அதேதான். பாட்டு வேகம் எடுக்கும்போது முன்வரிசை பதறிவிட்டால் பின்னால் இருக்கிற மொத்த வட்டமும் கலைந்துபோகும். நிதானமாக அடி வைத்தால் பின்னால் இருப்பவர்கள் தன்னாலே ஒட்டிக்கொள்வார்கள். முதல் கால் மணி நேரம் பக்கத்துப் படகுகள் உன்னைத் தாண்டிப் போகும். போகட்டும். ஆற்றில் சுமார் 30 கிலோமீட்டர் இருக்கிறது.

அடுத்து ஆறு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நீ கீழ்பவானி வாய்க்காலில் லாரி டியூப் கட்டி நீச்சல் பழகியவள். அந்தத் தண்ணீர் உடம்புக்குப் பழகிய சூட்டில் இருக்கும், கரை ஒரே நேராகப் போகும். நூக்சாக் அப்படிப்பட்ட ஆறு இல்லை. பனியும் பனிப்பாறையும் உருகி வருகிற தண்ணீர். பேக்கர் பனிச்சறுக்குத் திடலில் 1998-99 பருவத்தில் 1,140 அங்குலம் பனி கொட்டி உலக சாதனை ஆனது. மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 29. அப்படிப்பட்ட மலையின் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு வாங்கும், உன்னைக் கேட்காமலே வாய் திறக்கும். குளிர்நீர் மீட்புக்காரர்கள் 1-10-1 என்று சொல்லிக்கொடுப்பார்கள். முதல் 1 நிமிடம் மூச்சைச் சீராக்கிக்கொள்வதற்கு. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் நீ சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப 1 மணி நேரம்போல ஆகும். ஆகவே விழுந்ததும் நீந்தப் பார்க்காதே. லைஃப் ஜாக்கெட் உன்னைத் தூக்கிப் பிடிக்கும், நீ மூச்சைச் சீராக்கு. பிறகு மல்லாந்து, காலை ஆறு போகிற திசையில் நீட்டி, படகுக்கு ஆறு வருகிற பக்கமாக இரு. தண்ணீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவே நீ மாட்டிக்கொள்ளக் கூடாது.

அதைவிட எனக்குப் பயம் ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில்தான் ஆழமும் இழுப்பும் அதிகம், வேகம் வேண்டுமென்று எல்லோரும் அங்கேதான் போவார்கள். மரங்கள் வந்து ஒதுங்குவதும் அங்கேதான். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. எந்த வளைவிலும் முன்னால் உட்கார்ந்திருக்கிற உன் கண்தான் முதலில் பார்க்கும். பார்த்ததும் சத்தமாகச் சொல். நேரம் போனால் போகட்டும், உள்பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். தப்பித் தவறி நீரில் இருக்கும்போது மரம் எதிரே வந்துவிட்டால் காலை நீட்டாதே, திரும்பி மரத்தை நோக்கி நீந்தி அதன்மேல் ஏறிவிட வேண்டும். அமைதியாகத் தெரிகிற ஆற்றை நம்பக் கூடாது என்பதை இந்தப் பக்கத்தவர்களுக்குப் பவானி கற்றுக்கொடுத்திருக்கிறது. பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் கணுக்கால் அளவு இருந்த இடம் எவ்வளவு சீக்கிரம் ஆளை இழுக்கும் என்று உனக்கே தெரியும். அங்கே வெயில் ஏறினால் பனி அதிகம் உருகி ஆறு ஏறும். போட்டிக்கு முந்தைய நாள் தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று பார்.

உங்கள் அணியில் இறக்கத்தில் ஓடப் போகிற தம்பியிடம் நான் சொன்னதாக ஒன்று சொல். 13 கிலோமீட்டர் இறக்கம் சுலபம் என்று நினைத்து அவன் மூச்சுக்கு மட்டும் பயிற்சி எடுத்தால் தொடை போய்விடும். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் ஏழாவது மலைவரை ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் கால் வெடவெடக்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, அதனால் வருகிற வலி அது. அவன் இப்போதே வாரத்துக்கு ஒருமுறையாவது இறக்கத்தில் ஓடிப் பழகட்டும். கடைசி வாரத்தில் வேண்டாம்.

உன் கட்டம் முடிந்து சிப்பைக் கொடுத்ததும் ஈரத்துணியை மாற்று. ஜெயித்த பேச்சும் தோற்ற பேச்சும் அப்புறம். கயாக்கில் வருகிறவர் கரையேறி மணி அடிக்கிறவரை நீங்கள் எட்டுப் பேரும் போட்டிக்குள்தான் இருக்கிறீர்கள். முடிந்தால் அந்தக் கரைக்கு எல்லோருமாகப் போய்ச் சேருங்கள்.

உனக்கு ஞாயிறு மதியம் என்றால் எங்களுக்கு இரவு 12.30. அப்பா அந்த வாரம் மஞ்சள் நடவுக்குப் பார் போடுகிற வேலையில் இருப்பார், ஆனாலும் தூங்க மாட்டேன் என்கிறார். நீ கரையில் காத்திருக்கும்போது எங்களைக் கூப்பிட வேண்டாம். அந்த நேரம் உனக்கு வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு வரி அனுப்பு, நாங்கள் விழித்திருப்போம்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். நீயும் அந்த அக்காவும் ஏரியில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, மறுபடி ஏறிப் பழகினீர்களா? இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமையே, துணைக்கு இன்னொரு படகையும் வைத்துக்கொண்டு செய்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் அம்மா