வீடு தேடி வரும் தாதி நமக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்தில் டிரஸராக, அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளராக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் காலத்தில் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க நான் சைக்கிளில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே போவேன். தோட்ட மருத்துவமனையை மூடிய பிறகு அப்படிப் போக ஆள் இல்லை.

எங்கள் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிவிட்டது. "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது மார்பின் (morphine) என்ற வலிநிவாரணி மருந்துப் பாட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் மூடி திறக்காமல் இருந்தது. "அது கடைசிக்கு, சித்தப்பா. குடுத்தா சீக்கிரம் போயிருவாங்கன்னு சொல்றாங்க" என்றான் அண்ணன் மகன். அண்ணியோ வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுதிய அளவை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வைத்தேன். மார்பின் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அதற்கான மருந்தையும் கேட்டு வாங்கச் சொன்னேன். இரண்டொரு நாளில் கஞ்சி கேட்டார். அப்புறம் மருமகளும் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அவளைப் பற்றி அதுவரை யாரும் கேட்கவே இல்லை.

இதைச் சொல்லித்தர ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பாரா?

தீராத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் ஹோஸ்பிஸ் சேவை என்றதும் நம்மவர்கள் சாகக் கொண்டுபோய் விடும் இடம் என்று பயப்படுகிறார்கள். ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடுகளுக்கே போய் இலவசமாகப் பார்க்கிறது, பெரும்பாலும் பொதுமக்கள் நன்கொடையில். ஈப்போவிலும் இத்தகைய சங்கம் உண்டு. சுகாதார அமைச்சும் 2019 முதல் 2030 வரைக்கான வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. சரி, ஊத்தான் மெலிந்தாங் போன்ற ஊர்களுக்கு அது எப்போது வந்து சேரும்?

காத்திருக்க வேண்டியதில்லை. கட்டடமும் வேண்டாம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், அவருக்குப் பெட்ரோல் காசும் அலவன்ஸும், இரவில் கூப்பிட ஒரு கைப்பேசி எண், இரவல் கொடுக்கக் காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும். மருந்து விஷயத்தை அரசாங்க டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டும், அதில் விளையாடக் கூடாது. செலவுக்கு நம் ஊரில் பணம் இல்லையா? ஒரு திருவிழா வாணவேடிக்கைக்கு எவ்வளவு வசூலாகிறது என்று ஆலயப் பொருளாளர்களுக்குத் தெரியும். திருவிழா வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் காவடி எடுத்தவன்தான்.

அடுத்த திருவிழாவுக்குப் பட்ஜெட் போடும் கூட்டத்தில் இதையும் ஓர் அங்கமாகச் சேருங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன். புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று இளைஞர்களுக்குச் செய்துகாட்ட இன்னும் தெம்பு இருக்கிறது.

ஓய்வுபெற்ற தோட்ட டிரஸர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்