மசூன்தேவுக்குப் போகுமுன்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஜனவரியில் பசிபிக் கரையோர ஊரான மசூன்தேவுக்குப் போக விமானச்சீட்டு எடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். தொலைபேசியில் சொன்னால் பாதியைக் காதில் வாங்காமலே ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய் என்பதால், மெக்சிகோ சிட்டிக்கு நாங்கள் குடிவந்த இத்தனை ஆண்டுகளில் ஏழெட்டு முறை அந்தக் கரைக்குப் போய்வந்ததில் தெரிந்துகொண்டதை எழுதி அனுப்புகிறேன். நீ அங்கே கடைசியாக வந்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தாய். ஆமைகளைத் தவிர வேறெதுவும் உனக்கு நினைவிருக்காது.

கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்தது நல்ல காரியம். அந்த வாரத்தில் ஊரே நிரம்பி வழியும். அறை வாடகையும் ஏறிவிடும். ஜனவரியில் மழை இருக்காது, புயல் பயமும் கிடையாது. மழைக்காலம் மே கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும். 1997 அக்டோபரில் வந்த பவுலினா, 2022 மே 30 அன்று கரையைக் கடந்த அகதா என்ற இரண்டு புயல்களையும் அந்தக் கரையோரத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை.

வாத்துல்கோ விமான நிலையத்தில் இறங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். மாநிலத் தலைநகரான வாஹாக்கா நகரைப் பார்த்துவிட்டு மலைவழியாக இறங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். மசூன்தேவுக்கு அருகிலுள்ள பொச்சூத்லா நகருக்கு இறங்கும் அந்தப் பழைய மலைப்பாதை அழகுதான். பைன் மரக் காட்டில் தொடங்கித் தென்னந்தோப்பில் முடிகிறது. ஆனால் வளைவுகள் ஓயவே மாட்டா. சிறு வயதில் அந்த வழியே வேனில் வந்தபோது நீ மூன்று முறை வாந்தி எடுத்தாய், நான் இரண்டு முறை. 2024 பிப்ரவரியில் திறந்த புதிய நெடுஞ்சாலை வழியாகப் புவெர்த்தோ எஸ்கொந்தீதோவுக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், நகரைப் பார்ப்பதானால் அந்த வழியே கடற்கரைக்கு இறங்கி, அங்கிருந்து கிழக்கே வாருங்கள்.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிறு உணவுக்கடைகளும் படகுக்காரர்களும் அட்டையை வாங்குவதில்லை, ஊருக்குள் இருக்கும் பண இயந்திரத்தையும் நம்ப முடியாது. விமான நிலையத்திலோ பொச்சூத்லாவிலோ பணம் எடுத்து, ஐந்நூறு பெசோ தாள்களை உடனே சில்லறையாக மாற்றிவிடுவது நல்லது. ஊர்களுக்கிடையே போக, பின்புறம் இரு பக்கமும் பலகை போட்டு மேலே தார்ப்பாய் கட்டிய சிறு லாரிகள் ஓடுகின்றன. அவற்றை அங்கே கமியோனேத்தா என்பார்கள். கை காட்டினால் நிற்கும். மீன் கூடையோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போகலாம். வாடகைக் கார் எடுக்காதீர்கள், தேவையே இல்லை.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியதற்கான காரணத்துக்கு வருகிறேன். அந்தக் கடல் பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரிந்தாலும் சாதுவானதன்று. அப்பா உனக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார். நீ கல்லூரிக்குப் போன ஆண்டு நாங்கள் இருவரும் மட்டும் போயிருந்தபோது, மேற்குப் பக்கம் இருக்கும் மெர்மெஹித்தா கடற்கரையில் அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில்கூட இல்லாமல் கணுக்கால் தண்ணீரில்தான் நின்றிருந்தார். ஓர் அலை திரும்பும்போது பாதத்துக்குக் கீழே இருந்த மணல் உலையில் கொட்டிய அரிசிபோலச் சரசரவென்று ஓட, அவர் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். அடுத்த அலை தலைக்குமேல் வந்தது. இளநீர் விற்றுக்கொண்டிருந்த பையன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். மூக்குக்கண்ணாடி போனதோடு முடிந்தது. மெர்மெஹித்தாவில் சூரியன் மறைவதைப் பாருங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள்.

குளிப்பதற்கு ஊர்க் கடற்கரையின் மேற்குக் கோடியில், பாறை மறைக்கும் ரின்கொன்சீத்தோ என்ற மூலை இருக்கிறது. அலை அங்கே அடங்கியிருக்கும். பாறைகளுக்கிடையே மீன் பார்த்து நீந்த ஆசையிருந்தால் புவெர்த்தோ ஆன்ஹெலுக்கு அருகிலுள்ள எஸ்தகாவீத்தே நல்ல இடம். பக்கத்துச் சிப்போலித்தே கடற்கரையில் கடலுக்குள் இழுத்துப்போகும் இழுவை நீரோட்டம் பல உயிர்களை வாங்கியிருக்கிறது, ஆகையால் சிவப்புக் கொடி பறந்தால் கரையிலேயே இருங்கள். இழுவையில் சிக்கிவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிப் பிறகு திரும்ப வேண்டும். மாப்பிள்ளை நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றவர் என்பதால் இதை அவரிடம் இருமுறை சொல். சிப்போலித்தே சட்டப்படி ஆடையின்றி இருக்க அனுமதித்த கடற்கரை என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடு. திடீரென்று பார்த்து அவர் திகைத்துப்போக வேண்டாம்.

ஆமைகளைப் பற்றி உனக்குச் சிறு வயதில் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தக் கரையோர மக்கள் ஆமைகளைக் கொன்றுதான் பிழைத்தார்கள். 1960களில் தொடங்கி இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் பெருமளவில் பிடித்தார்கள். அறுக்கும் கூடம் அடுத்த ஊரான சான் அகுஸ்தினியோவில், இன்று விடுதிகள் நிற்கும் அதே அழகான மணல் ஓரத்தில் இருந்தது. 1990இல் அரசு ஆமை வேட்டையை முற்றிலும் தடை செய்தபோது ஆமை தப்பியது, ஆனால் மனிதர்களுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் போயிற்று. நீ கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற அந்த ஆமை மையம் அதன் பிறகு வந்தது, 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஊர்ப் பெண்கள் கூட்டுறவாக நடத்தும் இயற்கை அழகுப்பொருள் பட்டறையும் அந்தக் காலத்ததுதான். பாடி ஷாப் நிறுவனத்தைத் தொடங்கிய அனிதா ராடிக் அதற்கு உதவினார். எங்கே பணம் செலவழிப்பது என்று யோசிக்கும்போது இதை நினைவில் வை. ஊர்க்காரர்கள் நடத்தும் அறையில் தங்கி, ஊர்க்காரர்களின் படகில் ஏறினால், தடை வந்த நாளில் அவர்கள் இழந்த பிழைப்புக்கு ஈடாகக் கிடைத்த வருமானம் அவர்களிடமே நிற்கும்.

படகு என்றதும் நினைவுக்கு வருவது வெந்தனியா. மசூன்தேவுக்கு மேற்கே சிறிது தூரத்தில் உள்ள அந்தக் குக்கிராமத்துக் கூட்டுறவினர், அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் அழைத்துப் போவார்கள். இயந்திரப் படகு கிடையாது. அதனால்தான் பறவைகள் பறந்தோடாமல் இருக்கின்றன. பவுலினா புயல் அழித்த அலையாத்திகளை அந்த மக்களே நாற்று வளர்த்து மீண்டும் நட்டார்கள். அன்றைக்கு நீ ‘அம்மா, அந்தக் கட்டை கண் சிமிட்டுகிறது’ என்றாய். நீர்மட்டத்தில் இரண்டு புடைப்புகளும், அவற்றில் ஒன்றின்மேல் மெல்ல இறங்கி ஏறிய மஞ்சள் இமையும் தவிர முதலையின் உடம்பில் வேறொன்றும் தெரியவில்லை. காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் எல்லாம் உறங்கிவிடும்.

ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சிக்கு யாராவது அழைத்தால், அழைப்பது ஊர்ப் பாதுகாப்புக் குழுதானா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வெயில் களிம்பு பூசிய கையால் குஞ்சைத் தொடக் கூடாது. கைபேசி விளக்கைப் போடவும் கூடாது, குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும். அங்கே கோல்ஃபினா என்று அழைக்கப்படுவது நம் சென்னைக் கரையில் முட்டையிட வரும் அதே பங்குனி ஆமைதான். கூட்டமாக அவை கரையேறும் எஸ்கொபியா கடற்கரை புவெர்த்தோ எஸ்கொந்தீதோ போகும் வழியில் இருக்கிறது. கூட்டம் எந்த இரவில் ஏறும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது, அப்படி உறுதி சொல்லிப் பணம் கேட்பவனை நம்பாதே. ஆமை முட்டை தருகிறேன் என்று ஒருவன் காதோடு சொன்னால் நடந்துகொண்டே இரு. அதை வாங்குவதும் குற்றம்.

மாலையில் ஒரு நாளாவது புந்தா கொமேத்தா முனைக்கு நடந்து போங்கள். வாஹாக்கா மாநிலத்தின் தென்கோடி அதுதான், மூன்று பக்கமும் கடல். இந்த மாதங்களில் தூரத்தில் திமிங்கிலம் மூச்சு விடுவதும் தெரியும். எல்லாரும் ரப்பர் செருப்போடு போய்விட்டு இருட்டில் தடுமாறி இறங்குகிறார்கள். நீங்கள் மூடிய காலணியும் கைவிளக்கும் கொண்டுபோங்கள். முனையின் அடியில் பாறைக்குள் தேங்கும் குட்டையில் குளிப்பவர்களின் படத்தைக் காட்டி மாப்பிள்ளை ஆசைப்படுவார். அலை பெரிதாக இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

மாப்பிள்ளை முட்டைகூடத் தொடாதவர் என்பதால் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பளம்போல மொறுமொறுவென்று தட்டகலத்துக்கு வரும் த்லயூதா என்ற மக்காச்சோள ரொட்டி அவருக்குப் பிடிக்கும், ஆனால் அதன்மேல் முதலில் பூசுவது பன்றிக் கொழுப்பின் அடிவண்டல். ‘சின் அசியென்தோ’ என்று சொல்லி வாங்க வேண்டும். கறுப்பு அவரையை மசிப்பதிலும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு இருக்கும். ‘சின் மந்தேக்கா’ என்று கேட்டுக்கொள். சைவம் என்றால் கோழி போடலாம் என்று நினைப்பவர்கள் அங்கேயும் உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைத்த மாவில் தட்டி, அடுப்பிலிருந்து அப்படியே எடுத்துத் தரும் தோர்த்தியா ரொட்டியைச் சூட்டோடு உப்புத் தூவித் தின்றுபார். வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றும். புளித் தண்ணீரும் கிடைக்கும், நம் பானகத்துக்குத் தங்கை அது. குழாய்த் தண்ணீரைப் பல் தேய்க்கக்கூட எடுக்காதே.

காலையில் காலணியைத் தட்டிவிட்டுப் போடு, தேள் உண்டு. கொசுவலை இருக்கும் அறையாகப் பார்த்து எடு.

திரும்பும்போது அந்தக் கூட்டுறவுப் பட்டறையிலிருந்து எனக்குத் தேங்காயெண்ணெய் சோப்பு நான்கும், அப்பாவுக்குப் புளூமா இதால்கோ மலைக் காப்பிக்கொட்டை ஒரு கிலோவும் வாங்கி வா. கொட்டையாகவே வாங்கு, அரைத்தது வேண்டாம். சிகாகோவுக்குத் திரும்புமுன் இங்கே இரண்டு நாளாவது தங்குவீர்களா என்பதை எழுது. இட்லிக்கு ஊறப்போடும் கணக்கு எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அம்மா