ஊக்கு கொடுத்த பூக்கார அக்காவுக்கு

ஞாயிறு காலை வேலூரில் வரலாற்று நடை போன கூட்டத்தில் கடைசியாக நொண்டிக்கொண்டு வந்தது நான்தான். மக்கான் சந்திப்பில் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு நடக்கும்போது செருப்பு வார் பட்டென்று அறுந்துவிட்டது, தார் ரோடு அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது (நம்ம ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்). அகழி ஓரம் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா, நான் கேட்காமலே, வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி வாரில் குத்திக் கொடுத்து, “கோயில் வாசல்ல எப்படியும் கழட்டத்தானே போற, அதுவரைக்கும் தாங்கும்” என்றார். தாங்கியது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் யாளித் தூண்களை நிதானமாகப் பார்த்தேன், 1981-இல்தான் லிங்கம் பக்கத்துச் சத்துவாச்சாரியிலிருந்து இங்கே திரும்பி வந்தது என்ற கதையையும் கேட்டேன். திரும்பும்போது அக்காவைக் காணோம், பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றிக்கா, ஊக்கு என்னிடம்தான் இருக்கிறது.