எங்கள் ஊற்றுக்கு மேல் தீ வைக்க அனுமதிக்காதீர்கள்: தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு முதலமைச்சர்களுக்கும் இரண்டு சட்டமன்றங்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரியின் பாகூரிலிருந்து எழுதுகிறேன். தெற்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர், அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் நெய்வேலி. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிலக்கரியை நிலத்துக்கு அடியில் வைத்தே எரித்து எரிவாயு எடுக்கும் முறை இந்த வட்டாரத்துக்குள் வரக்கூடாது என்று இரண்டு அரசுகளும் பெயர் சொல்லிச் சட்டம் போட வேண்டும். யாராவது வந்து பந்தல் போட்டு அளவுக்கல் நட்ட பிறகு போடக்கூடாது, இப்போதே போட வேண்டும்.

எதற்கு இந்த அவசரம் என்று கேட்பீர்கள். நிலத்தடி வாயுவாக்கம் என்று சொல்லும் இந்த முறைக்கு மத்திய அமைச்சரவை 2015-லேயே கொள்கை வகுத்துவிட்டது. ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்தில், கஸ்தா நிலக்கரித் தொகுதியில் 2024-ல் முன்னோட்டத் திட்டம் தொடங்கியாயிற்று. 2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவதுதான் நாட்டின் இலக்கு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி எல்லோருக்கும் தெரியும். பாகூர்ப் பக்கம் புதுச்சேரி எல்லைக்குள் மட்டும் சுமார் 41 கோடி டன் இருப்பதாக அரசின் கணக்கிலேயே இருக்கிறது. கணக்கில் ஏறிய பொருள் என்றைக்காவது ஏலப் பட்டியலிலும் ஏறும்.

முறை என்னவென்றால், நிலக்கரிப் படிவம் வரைக்கும் கிணறுகள் இறக்கி, ஒன்றின் வழியாகக் காற்றையோ ஆக்சிஜனையோ நீராவியோடு சேர்த்து உள்ளே தள்ளி, படிவத்தைப் பற்றவைப்பார்கள். முழுவதும் எரிந்து சாம்பலாகிவிடாதபடி ஆக்சிஜனை அளந்து கொடுத்தால், 1,000 டிகிரிக்கு மேல் போகும் அந்த வெப்பத்தில் கரியும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் மீத்தேன் என்று வாயுக்களாக மாறும். இன்னொரு கிணற்றின் வழியாக அதை மேலே எடுத்து மின்சாரத்துக்கோ உரத்துக்கோ பயன்படுத்தலாம். சுரங்கம் வெட்ட வேண்டாம், தொழிலாளி கீழே இறங்க வேண்டாம். 1868-லேயே வில்லியம் சீமென்ஸ் என்ற பொறியாளர் இந்த யோசனையைச் சொன்னார், ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவும் பிறகு பேசினார். உஸ்பெகிஸ்தானின் அங்ரேனில் 1961 முதல் இப்படி வாயு எடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான முறைதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வாயு மேலே வந்த பிறகு கீழே ஒரு பொந்து மிஞ்சுகிறது. அதில் சாம்பலோடு தார், பீனால், பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் எல்லாம் தங்கிவிடும். இவை நிலத்தடி நீரில் கலக்காமல் இருக்க, பொந்துக்குள் இருக்கும் அழுத்தம் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட எப்போதும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் உள்ளே கசியும், வாயு வெளியே போகாது. அழுத்தம் கூடினால் நஞ்சு வெளியே போகும், ரொம்பவும் குறைந்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்து தீயை அணைத்துவிடும். இந்தச் சமநிலையை மேலே உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்க்க முடியாத ஓர் இடத்தில், ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டும்.

இப்போது நம் மண்ணைப் பாருங்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருப்பது சும்மா கிடக்கும் தண்ணீர் இல்லை, அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கும் ஆர்ட்டீசியன் ஊற்று. சுரங்கத்தின் தரை பிளந்து பொங்கிவிடக்கூடாது என்பதற்காக இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகப் போர் போட்டபோதுதான் இந்தக் கரியே வெளியே தெரிந்தது, அந்த அளவுக்கு இங்கே கரியும் நீரும் ஒட்டியே கிடக்கின்றன. மேலே இருப்பதும் இறுகிய பாறை இல்லை, கடலூர் மணற்கல் என்று சொல்லும் உதிரி மணலும் களிமண்ணும்தான். கீழே பொந்து விழுந்தால் இந்தக் கூரை எத்தனை நாள் நிற்கும்? ஜார்க்கண்டின் கெட்டியான பாறையில் செய்து பார்த்ததை வைத்து இங்கே முடிவு செய்ய முடியாது, அங்ரேனைக் காட்டியும் முடியாது. ஏற்கெனவே கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் நல்ல தண்ணீர் இந்த ஆழத்து மணற்படுகையில்தான் இருக்கிறது. எங்கள் போரும் அதில், கடலூர்க்காரர் போரும் அதில்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இருக்கிறது. சின்சில்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் லிங்க் எனர்ஜி நிறுவனம் 1999-ல் தொடங்கிய திட்டத்தில் அழுத்தம் அளவு மீறி, மேலே இருந்த மண்ணடுக்கு விரிசல் விட்டு, வாயு வெளியே கசிந்தது. சுமார் 320 சதுர கிலோமீட்டர் பரப்பில் விவசாயிகள் இரண்டு மீட்டருக்குக் கீழே தோண்டக்கூடாது என்று அரசே கட்டுப்பாடு போட்டது. இரண்டு மீட்டர்! பாகூரில் அப்படி ஒரு கட்டுப்பாடு வந்தால் போரும் கிடையாது, கிணறும் கிடையாது, அப்புறம் நெல் எங்கே? 2016-ல் குயின்ஸ்லாந்து இந்த முறையையே தடை செய்தது. 2018-ல் நீதிமன்றம் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தபோது நிறுவனம் ஏற்கெனவே திவாலாகிவிட்டிருந்தது. அபராதத்தை யாரிடம் போய் வசூலிப்பது?

தமிழ்நாடு அரசுக்கு: 2020-ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள்தான் அதற்குள் வருகின்றன. நெய்வேலியை ஒட்டிய குறிஞ்சிப்பாடியும் கம்மாபுரமும் வெளியே நிற்கின்றன. நிலக்கரிப் படுகை மீத்தேனையும் ஷேல் வாயுவையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கிறது. நிலத்தடி வாயுவாக்கம் எரிவாயு எடுப்பதா, சுரங்கத் தொழிலா என்று வக்கீல்கள் நாளை வாதாட இடம் வைக்காமல் அதையும் பெயர் சொல்லிச் சேருங்கள், ஐந்து ஒன்றியங்களைத் தாண்டி இந்த ஊற்று ஓடும் இடமெல்லாம் செல்லும்படி விரிவாக்குங்கள். 2023-ல் சேத்தியாத்தோப்புக் கிழக்கு நிலக்கரித் தொகுதியும் காவிரி டெல்டாவின் இரண்டு நிலக்கரித் தொகுதிகளும் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்து, இங்கே எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் விலக்கப்பட்டன. ஒவ்வொரு தடவையும் தெருவில் இறங்கித்தான் தடுக்க வேண்டுமா?

புதுச்சேரி அரசுக்கு: தமிழ்நாட்டுச் சட்டம் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது, பாகூர் கொம்யூனுக்கு அந்தக் காவலும் கிடையாது. அடுத்த கூட்டத்தொடரிலேயே சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். நம் யூனியன் பிரதேசம் எது செய்தாலும் தில்லி வரை போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன்.

வெட்டியெடுத்த கரியை மேலே ஆலையில் கலனுக்குள் வைத்து வாயுவாக்குவது வேறு. அங்கே வால்வை மூடலாம், கசிந்தால் கண்டுபிடிக்கலாம், அதன் நல்லது கெட்டதைத் தனியாகப் பேசுவோம். இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து அனுமதி கேட்டு யாராவது வந்தால் கோப்பைப் பிரித்துப் படியுங்கள். நெய்வேலி முதல் பாகூர் வரை எடுத்த நீர்மட்டம், அழுத்தம் பற்றிய அளவீடுகள் எல்லாவற்றையும் தமிழில் மக்கள் முன் வையுங்கள், கிராம சபையிலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் படித்துக் காட்டுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, இந்த மாதமே செய்யலாம்.

இப்படிக்கு,
பாகூர் ஏரிப் பாசன விவசாயி ஒருவர்